பக்கத்து நிலத்தில் வேலி போட்டுவிட்டார்கள், என்ன செய்வது? கோலாலம்பூர் நகரத் திட்டமிடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரின் செந்தூலில் பிறந்து செந்தூலிலேயே இருக்கிறேன். எங்கள் குடியிருப்பாளர் சங்கத்தில் ஆட்சேபக் கடிதம் எழுதும் வேலை சில வருடங்களாக என் பொறுப்பு. கோயில் மண்டபத்திலும் சாப்பாட்டுக் கடையிலும் வாட்ஸ்அப்பிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. கோர்ட் வரை போகிற விஷயம் என்றால் வக்கீலைப் பாருங்கள். ஆனால் பெரும்பாலான விஷயம் கோர்ட்டுக்குப் போவதற்கு ரொம்ப முன்னாலேயே, நாம் கவனிக்காமல் விட்ட ஒரு காகிதத்தில் முடிந்துபோகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு எதிரே காலி நிலத்தில் தகர வேலி போட்டுவிட்டார்கள். யாரைக் கேட்பது?

யாரையும் கேட்பதற்கு முன் வேலியைச் சுற்றி ஒரு நடை நடந்து வாருங்கள், எங்காவது ஒரு பலகை இருக்கும். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இன்னும் அனுமதி கிடைக்காத விண்ணப்பத்தைப் பற்றிய அறிவிப்பு. லாட் (நிலத் துண்டு) எண், என்ன கட்டப் போகிறார்கள், எத்தனை மாடி, எத்தனை வீடு, ஆட்சேபம் சொல்லக் கடைசி நாள் எது என்று அதில் இருக்கும். இன்னொன்று கட்டுமானப் பலகை. காண்ட்ராக்டர், ஆர்கிடெக்ட் பெயரெல்லாம் போட்டிருக்கும். இரண்டாவதைப் பார்த்தீர்கள் என்றால் அனுமதி ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் தெருப் பக்கம் இப்படி ஒன்று நடந்தது. பலகை இருந்தது, ஆனால் ரோட்டைப் பார்க்காமல் சாக்கடைப் பக்கம் திரும்பி, இடுப்பளவு லாலாங் புல்லுக்கு நடுவில் கம்பியால் கட்டியிருந்தார்கள். வெயிலில் சிவப்பு எழுத்தெல்லாம் வெளிறி, கறுப்பில் எழுதியது மட்டும்தான் மிச்சம். பந்து எடுக்கப் போன ஒரு பையன் போனில் படம் எடுத்து வந்தான். பெரிதாக்கிப் படித்தபோது கடைசி நாளுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளில் 60 வீட்டில் கையெழுத்து வாங்கினோம். ஆகவே காலி நிலம் எது இருந்தாலும் மாதம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களிடம் சொல்லி வைத்தாலே போதும்.

கட்டமைப்புத் திட்டம், உள்ளூர்த் திட்டம் என்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

இல்லை. கட்டமைப்புத் திட்டம், அதாவது பெலான் ஸ்துருக்தூர், நகரம் எந்தத் திசையில் போக வேண்டும் என்று சொல்கிற கொள்கை ஆவணம். உள்ளூர்த் திட்டம், பெலான் தெம்பாத்தான், ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு நிறம் போட்டு, இங்கே வீடு, இங்கே கடை, இங்கே பூங்கா, இவ்வளவு உயரம் என்று சொல்வது. கோலாலம்பூரில் இரண்டும் 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டத்தின்கீழ் வருகின்றன.

சட்டம் இருந்தும் நடந்த கதையைப் பாருங்கள். 2020ஆம் ஆண்டை இலக்காக வைத்த கட்டமைப்புத் திட்டம் 2004இல் வந்தது. அதற்கான உள்ளூர்த் திட்டத்தின் வரைவை 2008இல் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அது அரசிதழில் வெளியானது 2018 அக்டோபரில், பத்து வருடம் கழித்து. திட்டம் முடியும் ஆண்டுக்கு வெறும் இரண்டு வருடம் இருக்கும்போது அது சட்டமானது! இடைப்பட்ட காலத்தில்தான் நகரத்தின் பாதி முகம் மாறியது. 2040க்கான கட்டமைப்புத் திட்டம் 2023இல் வந்தது. உள்ளூர்த் திட்டத்தின் வரைவை 2024இல் காட்சிக்கு வைத்து 2025இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள், இந்தத் தடவை பரவாயில்லை.

உங்கள் லாட்டின் நிறத்தை இன்றைக்கே பாருங்கள். உங்கள் வீட்டின் நிறத்தைவிட முக்கியம் பக்கத்துக் காலி நிலத்தின் நிறம்.

ப்ளாட் ரேஷியோ என்றால் என்ன? கூட்டத்தில் எல்லாரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள்.

நிலத்தின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு. 20,000 சதுர அடி நிலத்துக்கு ரேஷியோ 4 என்றால் எல்லா மாடியும் சேர்த்து 80,000 சதுர அடி கட்டலாம். 8 ஆக்கினால் 1,60,000. நிலம் அதேதான், முன்னால் இருக்கிற ரோடும் சாக்கடையும் அதேதான், ஆனால் வந்து சேருகிற காடிகளும் (கார்களும்) குப்பையும் கழிவுநீரும் இரண்டு மடங்கு. எல்ஆர்டி, எம்ஆர்டி ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் ரேஷியோவைக் கூட்டிக் கொடுப்பது இப்போதைய போக்கு. அதில் நியாயம் இருக்கிறது, ரயில் பக்கத்தில் நிறையப் பேர் இருந்தால் காடி குறையும். ஆனால் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் நடைபாதையே இல்லாமல், ஆறு லேன் ரோட்டைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் அந்தக் கணக்கு காகிதத்தில் மட்டும்தான். ஆட்சேபம் எழுதும்போது அந்த நடையைப் படம் எடுத்து வையுங்கள்.

மாநகர் மன்றமே (டிபிகேஎல்) தன் திட்டத்தை மீறினால் நாம் என்ன செய்ய முடியும்?

முன்பெல்லாம் இதற்கு நல்ல பதில் கிடையாது. 2023 ஏப்ரல் 18க்குப் பிறகு இருக்கிறது.

தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் தாமான் ரிம்பா கியாரா என்று ஒரு பூங்கா இருக்கிறது, ஏறக்குறைய 25 ஏக்கர். கட்டமைப்புத் திட்டம் அதை நகரப் பூங்கா என்றுதான் குறித்திருந்தது. அதில் 12 ஏக்கரில் 42 மாடிக்குக் குறையாத எட்டு சர்வீஸ் அப்பார்ட்மெண்ட் பிளாக்குகளும், 350 வீடுகள் கொண்ட மலிவு வீட்டு பிளாக் ஒன்றும் கட்ட 2017 ஜூலையில் அனுமதி கொடுத்தார்கள். ஏக்கருக்கு 979 பேர் என்ற அடர்த்தி. அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் 2018இல் தோற்றார்கள், மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2021 ஜனவரியில் ஜெயித்தார்கள், கடைசியில் கூட்டரசு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொல்லி அந்த அனுமதியை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன்.

நமக்கு அதில் உதவுகிற விஷயங்கள் இரண்டு. கட்டமைப்புத் திட்டம் டத்தோ பண்டாரை, அதாவது மேயரை, சட்டப்படி கட்டுப்படுத்தும், விலகிப் போக வேண்டுமென்றால் தகுந்த காரணம் சொல்ல வேண்டும் என்றது தீர்ப்பு. அப்புறம், நிலத்தின் உபயோகமோ அடர்த்தியோ மாறும்போது பக்கத்து நில உரிமையாளர்களிடம் ஆட்சேபம் கேட்க வேண்டும் என்று 1970ஆம் ஆண்டுத் திட்டமிடல் விதிகளில் 7ஆவது விதி சொன்னது. அந்த விதியைக் கோடு ஒட்டிய லாட்காரருக்கு மட்டும் என்று குறுக்கிப் படிக்காமல், பாதிக்கப்படும் வட்டாரத்து மக்களுக்கும் வழக்குப் போட இடம் உண்டு என்று விரிவாகப் படித்தது. அடுக்குமாடிகளின் நிர்வாக அமைப்புகளும் அதில் அடக்கம். கடிதத்தில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு எழுதினால் கடிதத்தின் எடையே வேறு.

அந்த வழக்கு பணக்காரர்கள் பூங்காவுக்காகப் போட்டது. அங்கே நீண்ட வீட்டில் இருந்த தமிழர்களின் வீடு என்ன ஆவது? நம் ஆட்களுக்கு எதிரானதுதானே?

இந்தக் கேள்வியை என்னிடம் கோபமாகவே கேட்டிருக்கிறார்கள். கோபத்துக்குக் காரணம் இருக்கிறது.

பூங்காவை ஒட்டி நீண்ட வீடுகளில் இருப்பவர்கள் புக்கிட் கியாரா தோட்டத்தின் பழைய தொழிலாளர் குடும்பங்கள், கிட்டத்தட்ட நூறு. தோட்ட நிலம் எடுக்கப்பட்டபோது, நிரந்தர வீடு வரும், அதுவரை இங்கே இருங்கள் என்று 1982இல் அங்கே குடியமர்த்தப்பட்டார்கள். அந்த ‘அதுவரை’ நாற்பது வருடத்தைத் தாண்டிவிட்டது. பால் வெட்டிய கைகள் போய், பேரப்பிள்ளைகள் அதே பலகைச் சுவருக்குள் பரீட்சைக்குப் படித்து வளர்ந்தார்கள். 350 வீட்டு பிளாக் வருகிறது என்றவுடன் அவர்களில் பலர் திட்டத்தை ஆதரித்ததில் என்ன ஆச்சரியம்? நான் அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் ஆதரித்திருப்பேன்.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். நூறு குடும்பத்துக்கு வீடு கட்ட எட்டு கோபுரம் எதற்கு? நூறு வீட்டுக்கு ஒரு பிளாக் போதும், அவர்கள் இருக்கிற நிலத்தின் அளவே ஏறக்குறைய போதும். அந்த வீட்டை அரசாங்கம் தன் பணத்தில், தன் கடமையாக, எண்பதுகளிலேயே கட்டிக் கொடுத்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டு, பிறகு அவர்களுடைய தேவையைக் காட்டியே ஒரு பூங்காவில் பாதியைக் கேட்டால், ஒரு பக்கம் பூங்கா வேண்டும் என்கிறவர்கள், இன்னொரு பக்கம் வீடு வேண்டும் என்கிறவர்கள் என்று அக்கம்பக்கத்தார் இரண்டாகப் பிரிந்து சண்டை போடுவார்கள். வாக்குக் கொடுத்தவரை யாரும் கேட்க மாட்டார்கள். இதுதான் என்னை ரொம்ப வருத்தப்பட வைக்கிறது. உங்கள் வட்டாரத்திலும் இப்படி ‘மலிவு வீடு வேண்டுமா, திடல் வேண்டுமா’ என்று கேட்டால் இரண்டும் வேண்டும் என்று சொல்லுங்கள். இரண்டு தரப்பும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள், அது கஷ்டமான வேலை என்று தெரிந்தே சொல்கிறேன்.

ஏன் எப்போதும் நம் ஆட்களின் இடமே போகிறது?

எப்போதும் நம் ஆட்களின் இடம் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன், மற்றவர்களும் இழந்திருக்கிறார்கள். ஆனால் நமக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. தோட்டத்து லயமும் (தொழிலாளர் வரிசை வீடுகளும்) ரயில்வே குவார்ட்டர்ஸும் வேலையோடு வந்த வீடுகள். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது, மூன்று தலைமுறை இருந்தாலும் கிராண்ட்டில் (நிலப் பட்டாவில்) நம் பெயர் கிடையாது. தோட்டம் கைமாறித் துண்டாகும்போது தொழிலாளியின் பேச்சு எடுபடுவதில்லை. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பிரித்து விற்க தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த அனுமதிக்கு லயத்தில் இருப்பவரின் சம்மதம் தேவையில்லை.

பினாங்கில் கம்போங் புவா பாலா 2009இல் இடிக்கப்பட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மாடு வளர்த்துப் பால் கறந்து வாழ்ந்த தமிழ்க் கம்பம். நிலத்தை விற்க ஒப்புதல் கிடைத்தது சில வருடம் முன்னாலேயே. கம்பத்தார் முழுசாக விழித்துக்கொண்டபோது விஷயம் கூட்டரசு நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்றுவிட்டது.

எங்கள் கோயிலுக்கு நூறு வருடம் ஆகிறது. நிலம் யார் பெயரில் என்று தெரியவில்லை. பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டாம், ஆனால் இந்த வாரமே நில அலுவலகத்தில் பணம் கட்டித் தேடல் அறிக்கை எடுங்கள். நிலம் அரசாங்கத்துடையதா, ரயில்வேயுடையதா, தனியாருடையதா என்று தெரியாமல் எந்த ஆலோசனையும் சொல்ல முடியாது. அரசு நிலம் என்றால், வழிபாட்டுக்காக ஒதுக்கி அரசிதழில் போடச் சொல்லிக் கேட்க தேசிய நிலச் சட்டத்தின் 62ஆவது பிரிவு இடம் தருகிறது. பல கோயில்களிடம் இருப்பது தற்காலிக அனுபோக உரிமம்தான். அது வருடா வருடம் டிசம்பர் 31இல் முடிந்துவிடும், புதுப்பிக்க வேண்டும்.

ஒரு கோயில் பெரியவர் ஒருநாள் பிளாஸ்டிக் பையில் ரசீதுகளைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். ரப்பர் பேண்ட் இளகி ஒட்டிக்கொண்டிருந்தது, சில ரசீதில் திருநீறு. வருடவாரியாக அடுக்கிப் பார்த்தால் நடுவில் மூன்று வருடத்தைக் காணோம். நிர்வாகச் சண்டை நடந்த வருடங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிக்கப் போவது அந்த மூன்று வருடத்தைத்தான்.

2025இல் மஸ்ஜித் இந்தியா பத்ரகாளியம்மன் கோயில் விஷயம் பெரிய சர்ச்சையானது. கோயில் நின்ற நிலம் 2014லேயே தனியாருக்கு விற்கப்பட்டிருந்தது. கடைசியில் பக்கத்திலேயே வேறு இடத்துக்கு மாற ஒப்புக்கொள்ளப்பட்டது. விற்பனைக்கும் சர்ச்சைக்கும் நடுவில் பத்து வருடத்துக்கு மேல். அதற்குள் உள்ளூர்த் திட்டத்தில் கோயில் லாட் வழிபாட்டு இடமாக நிறம் பெற்றிருக்கிறதா என்று பார்ப்பதும், இல்லையென்றால் வரைவு காட்சிக்கு வரும்போது கேட்பதும் நாம் செய்யக்கூடியவை. கும்பாபிஷேகத்துக்கு வசூல் செய்கிற சுறுசுறுப்பில் கால்வாசி இதற்குப் போதும்.

எங்கள் பழைய பிளாட்டை இடித்துப் புதிதாகக் கட்டித் தருகிறோம் என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

ஸ்திராத்தா (அடுக்குமாடி உரிமை) சட்டப்படி ஓர் அடுக்குமாடியின் உரிமைகளை முடித்து வைக்க இன்று எல்லா உரிமையாளர்களும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். இதைத் தளர்த்த 2025 ஆகஸ்டில் நகர்ப்புற மறுசீரமைப்பு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. 30 வருடத்துக்கு உட்பட்ட கட்டடத்துக்கு 80 விழுக்காடு, அதற்கு மேற்பட்டதற்கு 75, கைவிடப்பட்டதற்கு 51 என்று அது முன்வைத்தது. அதனால் கடுமையான எதிர்ப்பும் வந்தது. என் கருத்து: லிஃப்ட் நின்று, தண்ணீர்க் குழாய் துருப்பிடித்து, ஐந்தாவது மாடிக்கு அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவருக்குப் புது வீடு தேவைதான். ஆனால் வாய்ப்பேச்சில் எதையும் நம்பாதீர்கள். புது வீடு எத்தனை சதுர அடி, அதே இடத்திலா, கட்டி முடியும்வரை வாடகை யார் கட்டுவார், திட்டம் பாதியில் நின்றால் என்ன, எல்லாவற்றுக்கும் மேல் புதுக் கட்டடத்தின் பராமரிப்புக் கட்டணம் மாதம் எவ்வளவு? கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. நீச்சல்குளம் உள்ள கட்டடத்தில் இலவசமாக வீடு கிடைத்தாலும் பென்ஷன்காரரால் அங்கே இருக்க முடியாமல் போகலாம்.

நான் வாடகைக்குத்தான் இருக்கிறேன். நான் ஆட்சேபம் சொல்லலாமா?

தாராளமாக. பிபிஆர் என்கிற அரசு மலிவு வாடகை வீட்டில் 124 ரிங்கிட் வாடகை கட்டுகிறவருக்கும் அந்தச் சாக்கடை பொங்கினால் வீட்டுக்குள்தான் தண்ணீர். கடிதத்தில் எத்தனை வருடம் அங்கே இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

ஸ்மார்ட் சுரங்கம் கட்டியும் செந்தூலில் வெள்ளம் ஏன்?

ஏனென்றால் 2007இல் திறந்த 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம் கிள்ளான் ஆற்றுத் தண்ணீரைத் திருப்புவது. நம் பக்கம் ஓடுவது கோம்பாக் ஆறும், பத்து (Batu) என்ற பெயருள்ள ஆறும். இந்தப் பக்கத்துத் தண்ணீரைத் தாங்குவது பத்து, ஜிஞ்சாங் வெள்ளத் தேக்கக் குளங்கள். வெயில் நாளில் போய்ப் பார்த்தால் சும்மா கிடக்கிற பெரிய காலி இடம் மாதிரிதான் தெரியும், அதனால்தான் கட்டடம் கட்டுகிறவர்களின் கண் அங்கே போகிறது. நகரத்தின் தேக்கக் குள நிலங்களில் ஒரு பகுதியே கட்டடத்துக்குக் கொடுக்கப்பட்டது என்பது சில வருடம் முன்பு பெரிய விவகாரமானது. காலியாக இருப்பதுதான் குளத்தின் வேலை, இதைக் கடிதத்தில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொரு சிக்கல், கோம்பாக் ஆற்றின் மேல்பகுதி சிலாங்கூரில் இருக்கிறது. அங்கே வேறு மாநில அரசு, வேறு திட்டமிடல் சட்டம். மேலே மலைச்சரிவில் மரம் வெட்டினால் கீழே நம் வீட்டில் சேறு. ஆனால் நமக்கு அங்கே ஆட்சேபம் சொல்ல நேரடி வழி குறைவு. இரண்டு பக்கத்து நாடாளுமன்ற உறுப்பினர்களையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்தால்தான் கொஞ்சமாவது நகர்கிறது.

டிபிகேஎல்லுக்கு நாம் ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாதா?

முடியாது. நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த நேரத்தில், நிறுத்திவைக்கப்பட்டது. 1976 ஊராட்சிச் சட்டம் அதற்கு முழுசாக முற்றுப்புள்ளி வைத்தது. டத்தோ பண்டார் நியமனம், அவருக்கு இருப்பது ஆலோசனை வாரியம்.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஊராட்சி மன்றங்களை ஆராய அப்போது அமைத்த அரச விசாரணை ஆணையத்தின் தலைவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகியின் கணவர். ஆணையம் 1968இல் அறிக்கையை முடித்தது. குறைகள் இருந்தாலும் தேர்தல் தொடர வேண்டும் என்பதுதான் அதன் பரிந்துரை. அரசாங்கம் ஏற்கவில்லை. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

பினாங்கில் என் தங்கை வீட்டுக்கும் இதே விதிதானா?

இல்லை, அங்கே 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். அதில் 21ஆவது பிரிவைக் கவனமாகப் படிக்கச் சொல்லுங்கள். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில்தான் பக்கத்து நில உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து, 21 நாளில் ஆட்சேபம் கேட்க வேண்டும் என்பது கட்டாயம். உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வந்துவிட்டால் அந்தக் கட்டாயம் போய்விடுகிறது. அதனால் அங்கே வரைவு காட்சிக்கு வைக்கிற நாட்கள் கோலாலம்பூரைவிட முக்கியம். மலை ஓரம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 250 அடிக்கு மேலோ, 25 டிகிரிக்கு மேல் சரிவோ இருந்தால் அங்கே மலை நிலம் என்று கணக்கு. 2017 அக்டோபரில் தஞ்சோங் புங்கா பகுதியில் ஒரு கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்ததை மறக்கக் கூடாது.

பார்க்கிங் பிரச்சினைக்கும் இதே கடிதமா?

இல்லை. அது அமலாக்கப் பிரிவு வேலை, புகார் கொடுத்தால் போதும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள்.

கடிதத்தைத் தமிழில் எழுதலாமா? கொடுத்த பிறகு என்ன?

அதிகாரபூர்வக் கடிதம் மலாயில் இருக்கட்டும். ஆனால் வீட்டில் உள்ளவர்களுக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, புரிந்த பிறகு கையெழுத்து வாங்குங்கள், ஆட்சேபத்தை நேரில் கேட்கும் விசாரணையில் அதிகாரி கேட்டால் அவர்களாகவே பதில் சொல்வார்கள். ‘எங்களுக்கு இது வேண்டாம்’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்த லாட், உள்ளூர்த் திட்டத்தில் என்ன நிறம், விண்ணப்பம் எங்கே அதை மீறுகிறது, மழை நாளில் சாக்கடை எந்த உயரம் வரை வந்தது என்று தேதி போட்ட படங்களோடு எழுதுங்கள். விசாரணைக்கு ஐம்பது பேர் போய் ஒரே விஷயத்தைச் சொல்வதைவிட ஐந்து பேர் ஐந்து விஷயத்தைப் பிரித்துச் சொல்வது மேல்.

அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் நீதிமன்ற மறுஆய்வுக்கு இருப்பது மூன்றே மாதம். நாள் கடந்தால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு அநேகமாக மூடிவிடும். அதனால் கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், கவுண்ட்டரில் ஒன்றில் ‘பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்று தேதியோடு முத்திரை வாங்குங்கள். எங்கள் பழைய செயலாளர் ரவாங்குக்கு வீடு மாறியபோது முத்திரை வாங்கிய பிரதிகளெல்லாம் அவர் வீட்டு அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டன. தேடி எடுக்க ஏழு வாரம் ஆனது, அந்த மூன்று மாதத்தில் ஏழு வாரம். இப்போது முத்திரை வாங்கிய அன்றைக்கே மூன்று பேர் வீட்டில் நகல் வைக்கிறோம், போனிலும் படம் எடுத்து வைக்கிறோம்.